கையொப்பத்துக்கு விலை கொடுக்கும் முன்: சென்னை மாகாணக் காலத்து ஆவணங்களைச் சேகரிக்கும் முறை

கும்பினி என்று மக்கள் அழைத்த கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்துக் கடிதமொன்று விற்பனைக்கு வந்தால் வாங்குபவரின் கண் முதலில் போவது அதன் அடியிலுள்ள பெயரின்மேல்தான். விற்பவரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விலை கேட்கிறார். ஆனால் அந்தத் தாள் எழுதப்பட்ட இடத்திலிருந்து யார் யார் கைமாறி இன்றைய கடைக்கோ ஏலத்துக்கோ வந்தது என்பது தெரியாத வரை, எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் அதற்குப் பணம் கொடுக்கக் கூடாது. கையொப்பத்தைப் போலியாக இட முடியும். ஒரு தாள் வந்த வழியைப் போலியாக உண்டாக்குவது அதைவிட மிகவும் கடினம். ஆகவே இந்த வழிகாட்டி பெயர்களின் பட்டியலாக இல்லாமல், சென்னை மாகாண ஆட்சியில் உருவான தாள்களை எப்படிப் படிப்பது, எப்படிச் சோதிப்பது, எப்படிச் சட்டப்படி வைத்திருப்பது என்பதைச் சொல்கிறது.

எதைச் சேகரிப்பது

புகழ்பெற்றவர்களின் கையெழுத்தோடு தொடங்க வேண்டாம் என்பதே புதியவருக்கு நான் சொல்வது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்த எலிஹு யேலும் 1744இல் சாதாரண எழுத்தராக இங்கே வந்திறங்கிய ராபர்ட் கிளைவும் கையொப்பமிட்ட தாள்களில் பெரும்பாலானவை அரசுப் பதிவேடுகளாகும். அவை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், பழைய இந்தியா ஆபீஸ் பதிவேடுகளைக் காத்துவரும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. அத்தகைய தாள் ஒன்று தனியார் கையில் தென்பட்டால் முதலில் எழ வேண்டியது மகிழ்ச்சி அன்று, சந்தேகமே.

இந்தப் பக்கத்து வீரர்களின் பெயரால் வருபவற்றுக்கு இது இன்னும் பொருந்தும். 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனும் 1801இல் திருச்சிராப்பள்ளிப் பிரகடனத்தை வெளியிட்ட மருது சகோதரர்களும் ஆங்கிலேய அதிகாரிகளைப் போலப் பெயரைச் சுழித்துக் கையொப்பமிட்டு நூற்றுக்கணக்கில் கடிதம் அனுப்பியவர்கள் அல்லர். பாளையக்காரர்களும் நவாபுகளும் தம் ஓலைக்கும் கடிதத்துக்கும் முத்திரையாலும் அடையாளக் குறியாலும் அதிகாரம் தந்தார்கள். எழுத்து, அவர்களுக்காகக் கடிதம் எழுதிய ராயசக்காரருடையதாகவோ முன்ஷியுடையதாகவோ இருக்கும். தஞ்சை இரண்டாம் சரபோஜி இதற்கு ஒரு விலக்கு. அவர் ஆங்கிலத்தில் கையொப்பமிட்ட நூல்களைச் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் காணலாம். ஒரு விலக்கைக் காட்டி மற்றவர்கள் பெயரிலும் கையொப்பம் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இதைவிடப் பயனுள்ள வழி, ஒரு சிறிய எல்லையை வகுத்துக்கொண்டு அதற்குள் ஆழமாகப் போவது. ஒரு வட்டத்தின் மிராசுப் (பரம்பரை நில உரிமை) பத்திரங்கள், ஒரு ஜமீனின் வரவுசெலவுத் தாள்கள், ஒரு மிஷன் பள்ளியின் கடிதங்கள், ஒரு குடும்பத்தின் வியாபாரக் கட்டு என எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். செட்டிநாட்டு வணிகர்களின் தாள்களையே எடுத்துக்கொண்டால், உண்டியல் (பணமாற்றுச் சீட்டு), கைச்சாத்து, பேரேடு (கணக்குப் புத்தகம்), ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கணக்குக் கடிதங்கள் என்று ஒரே குடும்பத்தின் கட்டில் மூன்று தலைமுறையின் கையொப்பங்கள் கிடைக்கும். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்தக் கடிதப் போக்குவரத்து எப்படிச் சட்டென்று நின்றுபோகிறது என்பதையும் அதே கட்டில் பார்க்கலாம். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அத்தகைய கட்டுகள் பிரிக்கப்பட்டு, படம் உள்ள தாள் ஒரு விலைக்கும் எழுத்து மட்டும் உள்ள தாள் வேறு விலைக்கும் போவதைக் காண்பது வேதனை. முடிந்தால் கட்டைக் கட்டாகவே வாங்குங்கள். ஒரு கட்டிலுள்ள தாள்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். தனித்தாளுக்கு அந்தத் துணை கிடையாது.

கையொப்பத்தை மட்டும் கத்தரித்து ஒட்டிவைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் பழக்கம். வருவாய் முத்திரை சேகரிப்பவர்கள் இன்றும் பத்திரத்திலிருந்து முத்திரையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியை எறிகிறார்கள். இருபது ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான ரசீதில் ஓரணா முத்திரையை ஒட்டி, அதன் குறுக்கே கையொப்பமிடுவது வழக்கமாக இருந்தது; முத்திரையை வெட்டினால் கையொப்பத்தில் பாதியும் அதனோடு போய்விடும். வெட்டப்பட்ட துண்டுகளை வாங்குவது அந்த வேலைக்குக் கூலி கொடுப்பதற்குச் சமம் என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம்.

படிக்கக் கற்பது

வாங்கத் தொடங்குவதற்கு முன், வாங்காமல் படித்துப் பழகும் காலம் ஒன்று வேண்டும். எழும்பூர் காப்பகத்தில் ஆய்வாளராக அனுமதி பெற்று மூலத் தாள்களைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு ஈடு வேறில்லை. அது இயலாதவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் கீழ் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மின்னுருவாக்கிய தமிழகக் கிராம ஆவணங்களை இணையத்திலேயே பார்க்கலாம்.

ஆங்கிலத் தாள்களில் புதியவரைத் தடுமாறச் செய்பவை சில உண்டு. ‘எஸ்’ என்ற எழுத்து ‘எஃப்’ போல நீண்டு நிற்கும். தாமஸ், ராபர்ட், வில்லியம் போன்ற பெயர்களை முதல் சில எழுத்துகளோடு நிறுத்திக் கடைசி எழுத்தை மேலே சிறிதாக எழுதுவார்கள். 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டுப் பிறப்பு மார்ச் 25 என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளில் 1688/9 என்று இரட்டை ஆண்டு இருக்கும். அந்த மாதங்களில் ஒற்றை ஆண்டு மட்டும் இருந்தால் அது எந்தக் கணக்கு என்று பார்த்த பின்புதான் காலத்தை முடிவு செய்ய வேண்டும்.

பெயர்களில் வரும் பொறி இதைவிடக் கூர்மையானது. பிரபுப் பட்டம் பெற்றவர் தம் இயற்பெயரை விட்டுப் பட்டப்பெயரை மட்டுமே எழுதுவார். ராபர்ட் கிளைவ் 1774இல் இறந்துவிட்டார். அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ் பிரபு 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக இருந்தார். எனவே புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து 1800ஆம் ஆண்டளவில் ‘கிளைவ்’ என்று மட்டும் கையொப்பமிட்டு வந்த கடிதம் மகனுடையது, பிளாசிப் போரில் வென்ற தந்தையுடையது அன்று. தலைமை ஆளுநர் (கவர்னர் ஜெனரல்) ரிச்சர்ட் வெல்லெஸ்லி 1799 டிசம்பரில் மார்க்குவிஸ் என்ற பிரபுப் பட்டம் பெறும் வரை ‘மார்னிங்டன்’ என்றே கையொப்பமிட்டார். அந்த ஆண்டு மே மாதம் சீரங்கப்பட்டினம் வீழ்ந்ததைப் பற்றி அப்போதே அவர் ‘வெல்லெஸ்லி’ என்று கையொப்பமிட்டு எழுதிய கடிதம் என்று ஒன்று வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவர் தம்பி ஆர்தரும் 1798 வரை தம் குடும்பப் பெயரை ‘வெஸ்லி’ என்றே எழுதினார். 1809க்குப் பிறகு ‘வெல்லிங்டன்’ ஆனார். ஒருவர் எந்த ஆண்டில் எந்தப் பெயரால் கையொப்பமிட்டார் என்ற குறிப்பேடு ஒன்றை நீங்களே உங்கள் எல்லைக்குள் உருவாக்கிக்கொள்ளுங்கள். எந்தக் கருவியையும்விட அது அதிகம் உதவும்.

தமிழ்த் தாள்களில் புள்ளி இராது. குறில் நெடில் கொம்புகளுக்கு வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். எண்கள் தமிழ் இலக்கத்தில், பின்னங்கள் மாகாணி (1/16), முந்திரி (1/320) என்ற பழைய அளவுகளில் இருக்கும். காலத்தைப் பசலியில் (வருவாய்க் கணக்கு ஆண்டில்) எழுதியிருந்தால் 590ஐக் கூட்ட வேண்டும்: பசலி 1250 என்பது 1840 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. சாலிவாகன சகாப்தம் என்றால் 78ஐக் கூட்டினால் போதும். அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை, ஏனெனில் சித்தார்த்தி ஆண்டு 1799ஆகவும் இருக்கலாம், 1859ஆகவும் இருக்கலாம், 1919ஆகவும் இருக்கலாம். விற்பவர் எப்போதும் மிகப் பழையதையே சொல்வார். தஞ்சை மராத்தியர் ஆவணம் என்றால் மராத்தியை விரைந்தெழுதப் பயன்பட்ட மோடி எழுத்தும், ஆர்க்காட்டு நவாபு தொடர்பானது என்றால் பாரசீகமும் வரும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

மூலமா, படியா

கும்பினியின் நிர்வாகமே படியெடுப்பில் நடந்தது. லண்டனுக்குப் போகும் பொதுக் கடிதம் கப்பல் மூழ்கினாலும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இரண்டு மூன்று படிகளாக வெவ்வேறு கப்பல்களில் அனுப்பப்பட்டது. ஒவ்வொரு படியிலும் ஆளுநரும் ஆலோசனைச் சபையினரும் கையொப்பமிடுவது உண்டு. ஆகவே ஒரே கடிதத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உண்மையான மூலங்கள் இருக்கக்கூடும். மறுபுறம், பதிவேட்டுக்காக எழுத்தர் எடுத்த படியில் கையொப்பங்களின் இடத்தில் எழுத்தரே எல்லாப் பெயர்களையும் எழுதியிருப்பார். கடிதத்தின் வாசகமும் பெயர்களும் ஒரே கையின் சாய்வில், ஒரே மையில், ஒரே வேகத்தில் இருந்தால் அது படி. மோசடி அன்று, பயனுள்ள தாளும்கூட. ஆனால் கையொப்பமிட்ட ஆவணத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

சேகரிப்பாளர்கள் மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள்: முழுவதும் தம் கையால் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம், பிறர் எழுதத் தாம் கையொப்பம் மட்டும் இட்ட கடிதம், கையொப்பமிட்ட ஆவணம். காந்தியடிகளின் கடிதங்களில் இரண்டாம் வகை ஏராளம், ஏனெனில் வாசகத்தைச் செயலாளர்கள் எழுதினார்கள். அவருடைய வலக்கை எழுத்தும் இடக்கை எழுத்தும் வேறு வேறாக இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அரிஜன நிதிக்காக ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் கையொப்பமிட்டுக் கொடுத்தார் என்பதால் உண்மையான தனிக் கையொப்பங்களும் பல குடும்பங்களில் உண்டு. அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் போலிகளும் அதே கதையோடுதான் வருகின்றன.

தாளையும் மையையும் சோதித்தல்

பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்று, புறஊதா விளக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு எதிரே தாளைப் பிடிக்கும் பொறுமை ஆகியவை போதும்.

தாளை ஒளியில் பிடித்தால் பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்குரிய கைத்தாளில் நெருக்கமான கம்பிக் கோடுகளும், அவற்றைக் குறுக்கிட்டு அகன்ற இடைவெளியில் செல்லும் கோடுகளும் தெரியும். தாள் செய்யும்போதே அதனுள் பதித்த அடையாளமான நீர்க்குறியைக் கட்டாயம் தேடுங்கள். 1794க்குப் பிறகு ஆங்கிலேயத் தாள் ஆலைகள் நீர்க்குறியில் ஆண்டையும் சேர்க்கத் தொடங்கியதால், 1801 என்ற நீர்க்குறி உள்ள தாளில் 1797ஆம் ஆண்டுக் கடிதம் இருக்க முடியாது. மரக்கூழ்த் தாள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பெருகியது. புறஊதா ஒளியில் தாள் நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் அது பெரும்பாலும் 1950க்குப் பிறகு வெளுப்பேற்றிகள் சேர்த்துச் செய்தது. முத்திரைத்தாளில் அரசரின் உருவத்தையும் தேதியையும் ஒப்பிடுங்கள்: ஏழாம் எட்வர்ட் 1901 முதல் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, ஆறாம் ஜார்ஜ் அதன் பின். ஸ்டாம்பு வெண்டர் எழுதிய விற்பனைக் குறிப்பும் வாங்கியவர் பெயரும் பத்திரத்தின் உள்ளடக்கத்தோடு பொருந்த வேண்டும்.

பழைய தாள் என்பது மட்டும் எதையும் நிறுவாது. பழைய பேரேடுகளின் எழுதாத ஏடுகளும் நூல்களின் வெற்றுப் பக்கங்களும் எளிதாகக் கிடைக்கின்றன; போலி செய்பவர் தேடுவதும் அவற்றைத்தான். ஆனால் நூறாண்டு பழைய தாளில் மை ஊறாமல் தடுக்கும் பசை வலுவிழந்திருக்கும். அதன்மேல் புதிதாக எழுதினால் மை ஓரங்களில் மயிரிழையாகப் பரவும். மடிப்பின்மேல் செல்லும் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மை மடிப்பின் பிளவுக்குள் இறங்கியிருந்தால் மடித்த பிறகு எழுதியது. பூச்சி அரித்த துளையின் உள்விளிம்பில் மை படிந்திருந்தாலும் அதே முடிவுதான். இரும்பு-கடுக்காய் மை காலப்போக்கில் பழுப்பாகித் தாளின் மறுபுறம் வரை தெரியும், சில இடங்களில் தாளையே தின்றிருக்கும். பழுப்பு நிறத்தை மட்டும் தேநீராலும் கொண்டுவரலாம், இந்தத் தின்றலைக் கொண்டுவர முடியாது. இரும்பு முனைப் பேனா 1830களில்தான் பரவலாகியது. அதன் அழுத்தத்தில் முனை பிரிந்து ஒரு கோட்டின் இரு ஓரமும் கருமையாக விழும். இறகுப் பேனாவில் அது அவ்வளவு சீராக இராது. கற்பாளத்தில் அச்சிட்ட நகல்களில் மையின் தேக்கமோ பேனாவின் பள்ளமோ இராது.

1840க்கு முந்திய கடிதங்களில் உறையைத் தேட வேண்டாம். தாளையே மடித்து மெழுகு வைத்து மேலே முகவரி எழுதினார்கள். முகவரிப் பக்கம் அழுக்காகவும் உள்பக்கம் தெளிவாகவும் இருப்பது இயல்பு. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அழுக்காகியிருப்பது இயல்பன்று.

கையொப்பத்தை அதே ஆளின் அதே ஆண்டுக் கையொப்பங்களோடு ஒப்பிடுங்கள், ஒன்றோடு அன்று, பலவற்றோடு. எழுத்தின் வடிவத்தைவிட அதன் ஓட்டத்தைக் கவனிப்பது நல்லது: போலியில் கோடு மெல்ல நடுங்கும், நிற்கக்கூடாத இடத்தில் பேனா நின்றிருக்கும். முதுமையாலும் நோயாலும் உண்மைக் கையும் நடுங்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வந்த வழியும் சட்டமும்

விற்பவரிடம் கேட்க வேண்டியவை எளியவை: யாரிடம் வாங்கினீர்கள், எந்த ஊர் வீட்டில் இருந்தது, இதனோடு வேறென்ன தாள்கள் இருந்தன, எழுதித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்குபவரிடம் மேலே பேசத் தேவையில்லை. தாளில் அழித்த ரப்பர் முத்திரையின் சாயல், கோப்பு எண், கட்டுத் தையலின் துளைகள், ஒரு ஓரம் மட்டும் புதிதாகக் கத்தரித்திருப்பது ஆகியவை தெரிந்தால் அது ஒரு காப்பகத்திலிருந்தோ நூலகத்திலிருந்தோ வெளியேறியதாக இருக்கலாம். ஆங்கிலேயர் ஆட்சியிலேயே பயனற்றவை என்று கழித்துவிட்ட கோப்புகள் பழைய தாள் கடைக்குப் போனதுண்டு. ஆனால் உங்கள் கையிலுள்ள தாள் அப்படித்தான் வந்தது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. சந்தேகம் இருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு காப்பகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பிற பொருள்களுக்கு நூறு ஆண்டு வேண்டும். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டே போதும். 1947க்கு முந்திய தாள் எதுவும் இன்று அந்த எல்லையைக் கடந்துவிட்டது. தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு. தனியார் அனுப்பினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாக ஒரு பழைய பத்திரத்தை அஞ்சலில் அனுப்புவதும் இதில் சிக்கலாம். வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும், ஆகவே கடைக்காரரிடம் உரிம எண்ணோடு ரசீது கேளுங்கள். ஓவியமோ வண்ண அலங்காரமோ உள்ள கையெழுத்துப் பிரதிகளை வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் பொதுப் பதிவேடுகளுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது.

ஒரு குடும்பத்திடம் நேரே வாங்கும்போது சட்டத்துக்கு அப்பாலும் ஒரு கடமை இருக்கிறது. அவர்களுக்கு அந்தத் தாள் என்ன சொல்கிறது என்பது தெரியாமல் இருக்கலாம். படித்துச் சொன்ன பிறகு விலை பேசுங்கள். சில சமயம் சொன்ன பிறகு விற்க மாட்டார்கள். அப்போது நல்ல ஒளிப்படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்பதே சரி. மேலே சொன்ன கிராம ஆவணத் திட்டத்திலும் மூலம் உரியவரிடமே இருந்தது.

பாதுகாத்தல்

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதமே முதல் எதிரி. ராமபாணப் பூச்சியும் கரையானும் அதன் பின்னே வருபவை. தாள்களை அமிலமற்ற உறையில், தட்டையாக, வெளிச்சுவரை ஒட்டாத இரும்பு அலமாரியில், தரையிலிருந்து உயரமாக வையுங்கள். சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்ட வேண்டுமென்றால் நகலை மாட்டுங்கள், ஏனெனில் வெயில் பட்ட மை மீளாது. செலோடேப், பசைக்குச்சி, பிளாஸ்டிக் லாமினேஷன் மூன்றும் கூடவே கூடாது; லாமினேஷன் செய்த தாளை எந்தப் பாதுகாப்பு நிபுணராலும் முழுதாக மீட்க முடியாது. இரும்பு-கடுக்காய் மையால் எழுதிய தாளை நீரில் நனைக்க வேண்டாம். கிழிந்ததைச் சேர்க்க ஜப்பானிய மென்தாளும் கோதுமை மாவுப் பசையும் பயன்படும் என்றாலும், அதைப் பழகியவரிடம் விடுங்கள். எதையாவது குறிக்க வேண்டுமானால் உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள்.

ஒவ்வொரு தாளுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, இருபுறப் படம், நீர்க்குறியின் படம், அளவு, முழு வாசகம், விற்பவர் எழுதித் தந்தது, ரசீது, நீங்கள் செய்த சோதனைகள், தீராத சந்தேகங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சந்தேகங்களை மறைக்காமல் எழுத வேண்டும், ஏனெனில் உங்களுக்குப் பின் அதைப் பெறுபவருக்கு அந்தப் பக்கமும் தாள் வந்த வழியின் ஒரு பகுதிதான். வாரிசுகளுக்கு இதில் ஆர்வம் இல்லையென்று தெரிந்தால், எந்த நூலகத்துக்கு, எந்த நிபந்தனையில், கட்டைப் பிரிக்காமல் கொடுக்க வேண்டும் என்பதை அந்த நூலகத்தின் சம்மதக் கடிதத்தோடு உயிலில் இப்போதே எழுதிவைத்து, பதிவேட்டின் ஒரு நகலையும் அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.